நஞ்சைப் பிடிக்கும் பொருள்களும் செய்யூர்க் கரையின் உப்பும்

செய்யூரிலிருந்து கிழக்கே கடலை நோக்கிச் செல்பவருக்கு, ஏரிப் பாசன வயல்களும் பனந்தோப்புகளும் மெல்லப் பின்தங்கி, உப்பளங்களும் கழிவெளியும் பக்கிங்காம் கால்வாயும் குறுக்கிட்டு, அவற்றையும் கடந்தபின் வெண்மணல் மேடுகளும் மீனவர் குப்பங்களும் தென்படும். சில மைல் தூரமே உள்ள இந்த வழிக்குள் நிலத்தடி ஜலத்தின் சுவை இருமுறை மாறிவிடுகிறது. ஏரிக்கரைக் கிணற்றில் நல்ல தண்ணீர். உப்பளத்தை ஒட்டிய தரையில் தோண்டினால் வாயில் வைக்க முடியாத உவர். அதற்கும் அப்பால், அலையோசை காதில் விழும் மணல் மேட்டில், கையால் பறித்துக் கொட்டாங்கச்சியால் மொண்டு குடத்தில் ஊற்றும் ஆழமேயுள்ள ஊற்றில் மீண்டும் நல்ல தண்ணீர். கடலை நெருங்க நெருங்க உப்பு ஏறத்தானே வேண்டும் என்று எண்ணுகிறவருக்கு இது விசித்திரமாகப் படும். அதன் காரணத்தைப் பின்னர் விசாரிப்போம்.

இந்தப் பிரதேசத்தில் இன்று வீடுதோறும் கேன் தண்ணீர் வந்து இறங்குகிறது. வசதியுள்ளோர் சுவரில் ஆர்.ஓ. எந்திரம் மாட்டியிருக்கிறார்கள், வசதியற்றோருக்காகக் கரி, மணல், களிமண், வெள்ளி, அலுமினா என்று ஏதேனும் ஒரு பொருளை நிரப்பிய வடிகட்டிகளைப் பற்றிய செய்திகள் பத்திரிகைகளில் அடிக்கடி வந்தவண்ணம் இருக்கின்றன. அச்செய்திகளைப் படிக்கும் சாமானியர், இன்ன பொருள் தண்ணீரைச் சுத்தம் செய்யும் என்று அறிந்தவுடனே, அது எல்லாத் தண்ணீரையும் எல்லாத் தோஷங்களிலிருந்தும் விடுவிக்கும் என்று நம்பிவிடுகிறார். நம்பிக்கையில் பிழையில்லை, ஆனால் நீரில் கலந்த தோஷம் என்ன, அது எவ்வளவு என்னும் இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரியாமல் எந்தப் பொருளையும் மெச்சவோ இகழவோ இடமில்லை. இவற்றுள் இரண்டாவது கேள்வியே பெரியது என்பதும், அதைக் கேட்க மறந்தமையாலேயே நல்ல ஆராய்ச்சிகள் பல கிராமங்களில் வீணாகிப் போயின என்பதும் என் கருத்து.

நம் முன்னோர் அறிந்திருந்த பொருள்களிலிருந்தே தொடங்கலாம். தேற்றாங்கொட்டையைக் கலித்தொகைக் காலத்திலேயே தமிழர் அறிந்திருந்தனர்; சுசுருத சம்ஹிதையும் அதனைக் கதகம் என்ற பெயரால் குறிப்பிடுகிறது. மண்பானையின் உட்புறத்தைச் சற்றே நனைத்து, ஒரு கொட்டையை வட்டமாக இழைத்துவிட்டு, ஏரித் தண்ணீரை அதில் ஊற்றி வைத்தால், சில நாழிகைக்குள் செம்மண் அடியில் படிந்து மேலே தெளிந்த நீர் நிற்கும். களிமண் துகள்கள் மின்னேற்றம் பெற்று ஒன்றையொன்று விலக்கிக்கொண்டே மிதப்பதால்தான் கலங்கல் தானாக அடங்குவதில்லை. கொட்டையிலிருந்து கரையும் பசைப்பொருள் அத்துகள்களைப் பிணைத்துக் கனமாக்குகிறது. முருங்கை விதைக்கும் இக்குணம் உண்டு. சூடான் நாட்டு நைல் நதிக்கரைப் பெண்கள் கையாண்ட இவ்வழக்கத்தைச் சாமியா அல் அஸாரியா ஜான் என்ற ஆராய்ச்சியாளர் 1970-களிலிருந்து விரிவாக ஆராய்ந்து உலகறியச் செய்தார். நகரங்களின் நீரேற்று நிலையங்கள் டன் கணக்கில் கரைக்கும் படிகாரமும் இதே வேலையைத்தான் இன்னும் விரைவாகச் செய்கிறது. மண்ணோடு ஒட்டிக்கொண்டு கிருமிகளிலும் கணிசமான பங்கு அடியில் படிந்துவிடும். எஞ்சியவற்றுக்குக் கொதிக்க வைத்தலோ குளோரினோ வேண்டும். கரைந்துபோன பொருளின்மீது மட்டும் தேற்றாங்கொட்டைக்கு அதிகாரம் கிடையாது.

உவர்க் கிணறுகளில் நெல்லிக்கட்டை இறக்கும் வழக்கம் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நெடுங்காலமாக இருந்துவருகிறது. கட்டை கிடக்கும் கிணற்றின் நீர் இனிக்கிறது என்று சொல்லும் முதியோரின் அநுபவத்தை ஏளனம் செய்ய வேண்டியதில்லை. நெல்லியின் துவர்ப்பு நாவில் படிந்தபின் குடிக்கும் நீர் இனிப்பது எல்லோரும் அறிந்ததே. ஆயினும் உப்பு நீங்குகிறதா என்பதைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம். 3 மீட்டர் குறுக்களவுள்ள கிணற்றில் 2 மீட்டர் ஆழம் நீர் நின்றால் அது ஏறத்தாழ 14,000 லிட்டர். லிட்டருக்கு 3 கிராம் உப்பு இருக்குமானால், கிணற்றில் கரைந்திருப்பது 42 கிலோ; அதாவது, ஒரு மூட்டைக்குச் சற்றே குறைவான உப்பு. அத்தனையையும் ஒரு கட்டை எங்கே ஒளித்து வைக்கும்? இறைத்த மறுகணமே பக்கத்து மணலிலிருந்து புதிய உவர் சுரந்து வருவதையும் இத்தோடு சேர்த்துக் கொள்ளவேண்டும்.

இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொண்டு, பொருளைக் கொண்டு நஞ்சைப் பிடிக்கும் வித்தை மெய்யாகவே வென்ற இடங்களைப் பார்ப்போம். அவற்றுள் முதன்மையானது புளோரைடு.

1937-ஆம் ஆண்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில், ஷார்ட், மக்ராபர்ட், பர்னார்டு, மன்னாடி நாயர் என்ற நால்வர், சென்னை ராஜதானியில் பரவலாகக் காணப்பட்ட புளோரைடு நோயைப் பற்றிக் கட்டுரை எழுதினர். அந்நாளில் சென்னை ராஜதானியைச் சேர்ந்த நெல்லூர் ஜில்லாவின் உட்பகுதிக் கிராமங்களில், நடுவயதிலேயே முதுகெலும்பு இறுகிக் குனிய முடியாமல், கழுத்தைத் திருப்ப முடியாமல், கடைசியில் படுத்த படுக்கையாகிவிட்ட குடியானவர்களை அவர்கள் ஆராய்ந்தார்கள். குற்றவாளி கிணற்று நீர் என்று கண்டார்கள். இந்தியாவில் மனிதருக்கு ஏற்படும் எலும்புப் புளோரைடு நோயைப் பற்றிய முதல் விரிவான ஆராய்ச்சி இதுவே. பாறையிலிருந்து நீரில் ஊறி இறங்கும் புளோரைடு, பல்லிலும் எலும்பிலும் உள்ள சுண்ணாம்புப் பொருளின் கட்டமைப்புக்குள் புகுந்து தங்கிவிடுகிறது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் இல்லாவிடில் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயத்தின் இன்றைய விதி. தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பகுதிகளின் கருங்கல் தரையில் இந்த எல்லையைத் தாண்டிய கிணறுகள் ஏராளம்.

நாக்பூரிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிலையத்தார் 1970-களில் வகுத்த முறைக்கு நளகொண்டா முறை என்று பெயர். அந்நாளைய ஆந்திரப் பிரதேசத்தில் இந்நோயால் பெயர்பெற்றுவிட்ட ஜில்லாவின் பெயரே முறைக்கும் வந்தது. ஒரு பெரிய வாளித் தண்ணீரில் முதலில் சிறிது சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் இட்டு, பின்னர்ப் படிகாரக் கரைசலை ஊற்றிப் பத்து நிமிஷம் மெதுவாகக் கலக்கி, ஒரு மணி நேரம் அசையாமல் வைத்தால், பஞ்சு போன்ற வெண்படிவு புளோரைடையும் தன்னோடு இழுத்துக்கொண்டு அடியில் இறங்கும். செலவு சொற்பம்; சாமான்கள் சந்தையில் கிடைப்பவை. ஆனால் படிகாரத்தின் அளவை அந்தந்தக் கிணற்றின் குணத்துக்கேற்பக் கணக்கிட்டு இடவேண்டும். கூடினால் அலுமினியம் நீரில் தங்கும். குறைந்தால் புளோரைடு தங்கும். தினந்தோறும் வாளியின் அடியில் சேரும் சேற்றைக் கொட்ட ஓர் இடம் வேண்டும். பகலெல்லாம் களையெடுத்துவிட்டு மாலையில் வீடு திரும்பும் ஒரு பெண்ணிடம், ஆய்வுக்கூட உதவியாளனின் நிதானத்தை ஆண்டு முழுவதும் எதிர்பார்த்தது அம்முறையின் குறை. இன்னொரு நிபந்தனையும் அதற்கு உண்டு. கரைந்த உப்புகள் மொத்தம் லிட்டருக்கு 1,500 மில்லிகிராமுக்கு மேற்பட்ட நீருக்கு அதனைப் பிரயோகிக்க வேண்டாம் என்று வகுத்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். நம் கடற்கரைக்கு இதில் ஒரு செய்தி அடங்கியிருக்கிறது.

அடுத்து வந்தது கிளர்வூட்டிய அலுமினா. அலுமினிய ஹைட்ராக்சைடைச் சூடேற்றி நீர்ச்சத்தைப் போக்கியபின் எஞ்சும் வெண்ணிற மணிகள் அவை. வெளித்தோற்றத்தில் ஜவ்வரிசி போலிருக்கும் அம்மணிகளுக்குள் கண்ணுக்குப் புலனாகாத துளைகள் எண்ணிறந்தவை. ஒரு கிராம் அலுமினாவின் உட்பரப்பை விரித்தால் 200 சதுர மீட்டருக்கு மேல் இருக்கும். தேங்காய்ச் சிரட்டையைச் சுட்டு நீராவி கொண்டு பக்குவப்படுத்திய கரியிலோ இது இன்னும் பெருகி, ஒரு கிராமுக்குள் ஏறத்தாழக் கால் ஏக்கர் அடங்கிவிடும். நீரில் கரைந்து திரியும் நஞ்சின் அணுக்கள் இப்பரப்பில் வந்து ஒட்டிக்கொள்வதையே பரப்புக்கவர்ச்சி என்கிறோம். கரி, எண்ணெய்த்தன்மையுள்ள பூச்சிமருந்துகளையும் துர்நாற்றத்தையும் பிடிக்கும், புளோரைடைக் கண்டுகொள்ளாது. அலுமினா புளோரைடை விரும்பிப் பிடிக்கும், பூச்சிமருந்தை விட்டுவிடும். எலும்புக்கரியும் புளோரைடைப் பிடிக்கும்; நோயாளியின் உடம்பிலுள்ள எலும்பு செய்துவந்த வேலையையே வடிகட்டிக்குள் இருக்கும் எலும்பு செய்கிறது. ஆனால் மாட்டெலும்பின் வழியாக வடிந்த நீரைக் குடிக்க நம் கிராமத்தார் பெரும்பாலோர் உடன்படமாட்டார்கள். ரசாயனம் சம்மதித்தாலும் ஆசாரம் சம்மதிக்க வேண்டுமே!

அலுமினாவின் கணக்கைச் சற்று நின்று பார்க்கலாம். ஒரு கிராம் அலுமினா 2 மில்லிகிராம் புளோரைடைத் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 3 மில்லிகிராம் புளோரைடு உள்ள நீரை 1 மில்லிகிராமுக்குக் கொண்டுவர, லிட்டருக்கு 2 மில்லிகிராம் நீங்கவேண்டும். எனவே, ஒரு கிலோ அலுமினா 1,000 லிட்டர் நீருக்கு ஈடுகொடுக்கும்; மூன்று கிலோ நிரப்பிய வடிகட்டி, நாளொன்றுக்குக் குடிக்கவும் சமைக்கவும் 20 லிட்டர் எடுக்கும் குடும்பத்துக்கு 150 நாள் வரும். மோசமில்லாத கணக்குத்தான். சிக்கல் 151-ஆம் நாளில் ஆரம்பமாகிறது. துளைகள் நிரம்பிய அலுமினா, தன் வேலை முடிந்துவிட்டதை யாருக்கும் அறிவிப்பதில்லை; குழாய் அன்றும் அதே தெளிவோடு ஒழுகுகிறது; புளோரைடுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. நீரைச் சோதனைக் குழாயில் எடுத்துச் சிர்கோனியம் அலிசரின் துளிகளை விட்டு, சிவப்பு நிறம் மஞ்சளாக வெளிறுகிறதா என்று பார்த்தாலன்றி உண்மை தெரியாது. வெளிறினால் அலுமினாவை எடுத்துக் காஸ்டிக் சோடாவில் கழுவி, அமிலத்தால் காரத்தைத் தணித்து, மறுபடி நிரப்பவேண்டும். கழுவிய நீரில் 150 நாள் பிடித்து வைத்த புளோரைடு முழுவதும் திரண்டிருக்கும். அதைக் கிணற்றடியிலேயே கொட்டினால், அத்தனை பிரயாசையும் நஞ்சைச் சுற்றிச் சுற்றி நடத்திய ஊர்வலமாகிவிடும். அதனால், ஒரு வடிகட்டியைத் திறப்பு விழா நாளில் மதிப்பிடுவது வீண். இரண்டாம் ஆண்டில் அது எப்படியிருக்கிறது, கழுவ யார் வருகிறார், கழுவிய நீர் எங்கே போகிறது என்று பார்த்தே மதிப்பிடவேண்டும்.

இச்சிரமங்களை உத்தேசித்துத்தான் போலும், தமிழ்நாட்டு அரசு தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு வடிகட்டியை நம்பாமல் காவிரியையே அழைத்துச் சென்றது. ஜப்பானியக் கடனுதவியோடு 1,928.80 கோடி ரூபாய் மதிப்பில் மேற்கொள்ளப்பட்டு 2013-இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே புளோரைடு நோய்த் தணிப்பும் சேர்ந்திருந்தது. அலுமினாவுக்கு இது தோல்வி என்று சொல்லமாட்டேன். ஆள் பலமும் பராமரிப்பும் இல்லாத இடத்தில் மிகச் சிறந்த பொருளும் செயலற்றுப் போகும் என்பதற்கு, அரசாங்கமே எழுதிக் கொடுத்த சாட்சி என்று கொள்ளலாம்.

ஆர்செனிக் என்னும் பாஷாணத்தின் கதை வேறுவிதமானது. வங்காளத்தில், குளத்து நீரால் பரவிய காலராவுக்கும் பேதிக்கும் பரிகாரமாக இலட்சக்கணக்கான குழாய்க் கிணறுகள் தோண்டப்பட்டன. அவற்றின் நீரில் ஆர்செனிக் இருந்தது. 1983-இல் கல்கத்தாவின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில், தோலில் கரும்புள்ளிகளோடு வந்த கிராமத்தாரைப் பரிசோதித்த பின்னரே விஷயம் வெளிப்பட்டது. இதன் எல்லை லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், புளோரைடின் எல்லையில் நூற்றில் ஒரு பங்கு. இத்தனை நுண்ணிய அளவிலுள்ள நஞ்சைப் பிடிக்க மிகச் சிறந்த பொருள், யாரும் மதிக்காத இரும்புத் துருவே. இரும்பின் ஹைட்ராக்சைடுக்கும் ஆர்செனிக்குக்கும் இயல்பாகவே உள்ள பிணைப்பைக் கொண்டு, இரும்புச் சீவலும் மணலும் செங்கல் துண்டும் கரியும் அடுக்கி அபுல் ஹுசாம் என்ற வங்கதேசத்து ரசாயன அறிஞர் அமைத்த சோனோ வடிகட்டிக்கு 2007-இல் அமெரிக்காவின் கிரெய்ஞ்சர் பரிசு கிடைத்தது.

நம் சென்னையிலும் இத்துறையில் குறிப்பிடத்தக்க பணி நடந்திருக்கிறது. கிண்டியிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் தலப்பில் பிரதீப், வெள்ளி, தங்கம் ஆகியவற்றின் நுண்துகள்கள் குளோரின் கலந்த கரிமப் பொருள்களைச் சிதைப்பதை 2003-இல் தம் மாணவரோடு சேர்ந்து வெளியிட்டார். அந்த ஆராய்ச்சியிலிருந்து பூச்சிமருந்தை நீக்கும் வடிகட்டி சந்தைக்கு வந்தது. 2013-இல் அவர் குழுவினர் அலுமினியச் சேர்மத்தைக் கைட்டோசான் என்ற பொருளோடு பிணைத்து, அதில் வெள்ளித் துகள்களைப் பொதித்து, கிருமியைக் கொல்லப் போதுமான வெள்ளியை மட்டும், பருகுவோருக்குத் தீங்கில்லாத அளவில், நீண்ட காலம் கசியவிடும் மணிகளைச் செய்தனர். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு இரண்டரை டாலர் செலவில் சுத்தமான நீர் தரலாம் என்றும் கணக்கிட்டனர். இரும்பை அதே கைட்டோசான் கூண்டில் அடைத்து ஆர்செனிக்கைப் பிடிக்கும் 'அம்ரித்' என்ற பொருள் அதையொட்டி வந்தது. இரும்பு ஹைட்ராக்சைடு மணிகள் நாளடைவில் படிகமாகித் திரண்டு பரப்பை இழந்துவிடும் இயல்புடையவை. கூண்டு அவற்றைத் திரளவிடாமல் தடுக்கிறது என்பதே அதன் நுட்பம். ஆர்செனிக் பாதித்த வடமாநிலக் கிராமங்களில் அது இன்று உபயோகத்தில் இருக்கிறது. பிரதீப்புக்கு 2020-இல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது.

கைட்டோசான் என்பது இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கப்படும் பொருள். இவ்விடத்தில் ஒரு சிறு விலகலை வாசகர் பொறுத்துக்கொள்ள வேண்டும். 1990-களில் தமிழகக் கடற்கரை நெடுகிலும் இறால் பண்ணைகள் பெருகியபோது, பண்ணைக் குளங்களில் தேக்கிய கடல்நீர் கசிந்து குடிநீர்க் கிணறுகள் உவராகிவிட்டன என்பது கிராமத்தாரின் முக்கியமான முறையீடுகளுள் ஒன்று; காந்தியவாதி எஸ்.ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 டிசம்பரில் அளித்த தீர்ப்பு அதன் விளைவு. கரையோரத்துக் கிணற்றைக் கெடுத்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட இறாலின் ஓடே, எங்கோ கங்கைச் சமவெளியில் ஒரு கிணற்றின் நஞ்சைப் பிடிக்க உதவுகிறது. அதே ஓடு செய்யூர்க் கரையின் உவரைப் போக்குமா என்று கேட்டால், போக்காது என்பதே விடை.

ஏன் போக்காது? எண்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் புரியும். ஆர்செனிக் கெட்ட கிணற்றில் அது லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் இருக்கலாம். புளோரைடு 3 மில்லிகிராம். உவர்க் கிணற்றில் உப்போ 3,000 மில்லிகிராம். புளோரைடைப் போல ஆயிரம் மடங்கு! சோடியமும் குளோரைடும் நீரோடு சமாதானமாக வாழ்பவை. எந்தப் பரப்பிலும் விரும்பி ஒட்டுவதில்லை. அயனி மாற்றுப் பிசின்களைக் கொண்டு அவற்றையும் வலிந்து பிடிக்கலாம். ஆனால் ஒரு லிட்டர் பிசின், இத்தகைய உவர் நீரில் இருபது லிட்டரிலிருந்து நாற்பது லிட்டருக்குள்ளாகவே நிரம்பிவிடும். பிறகு அமிலத்தாலும் காரத்தாலும் கழுவவேண்டும். அற்பமான அளவில் உள்ளதைத் தேடிப் பிடிப்பதே இப்பொருள்களின் திறமை. மிகுந்து கிடப்பதன்முன் அவை செயலிழக்கின்றன. ஆகவே, மணலும் கரியும் களிமண்ணும் நிரப்பிய குடம் உவரை நன்னீராக்கும் என்று யாரேனும் விற்க வந்தால், அவரை வாசலோடு அனுப்பிவிடுவது உத்தமம்.

மிகுந்து கிடக்கும் உப்பை நீக்க, உப்பைப் பிடிப்பதை விட்டுவிட்டு நீரைப் பிரித்தெடுக்கும் வழியே உளது. காய்ச்சி வடித்தல் பழைய வழி. சவ்வு வழியே அழுத்திப் பிழிதல் புதிய வழி. அச்சவ்வை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் இருவர்: சிட்னி லோப், இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜன். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் 1950-களின் இறுதியில், செல்லுலோஸ் அசிடேட்டைக் கொண்டு அவர்கள் வார்த்த சவ்வுக்கு மேலே மிக மெல்லிய தோலும் கீழே துளைகள் நிறைந்த தாங்கு படலமும் அமைந்திருந்தன. தோல் உப்பைத் தடுக்க, படலம் நீரைத் தாராளமாக விட்டது. 1965-இல் கலிபோர்னியாவின் கோலிங்கா ஊரார் அம்முறையில் கிடைத்த நீரைக் குடிக்கத் தொடங்கினர். இன்று நம் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் எந்திரத்திலும் ஒரு தமிழ்ப் பெயர் மறைந்திருப்பது பலருக்குத் தெரியாது.

செய்யூருக்கு வடக்கே, பாலாற்றின் அக்கரையில் கல்பாக்கத்தில், பாபா அணு ஆராய்ச்சி மையத்தார் நாளொன்றுக்கு 63 இலட்சம் லிட்டர் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைத்தனர். அதில் 18 இலட்சம் சவ்வு வழியாகவும் 45 இலட்சம் அணுமின் நிலையத்து நீராவியின் வெப்பத்தால் காய்ச்சியும் கிடைக்கும். மாமல்லபுரத்துக்கு வடக்கே நெம்மேலியில் 2013-இல் 10 கோடி லிட்டர் நிலையமும், 2024-இல் அதன் அருகே 15 கோடி லிட்டர் நிலையமும் திறக்கப்பட்டன. அந்நீர் சென்னையின் தென்பகுதிக்குச் செல்கிறது. இவை பெரிய சாதனைகள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் கடல்நீரைப் பிழிய வளிமண்டல அழுத்தத்தைப் போல ஐம்பது மடங்குக்கு மேல் வேண்டும்; ஒவ்வோராயிரம் லிட்டருக்கும் மூன்று, நான்கு யூனிட் மின்சாரம் செலவாகும்; எடுத்த நீரில் பாதிக்கும் மேற்பட்டது ஏறத்தாழ இருமடங்கு உப்போடு கடலுக்கே திரும்பும். மாநகரம் தாங்கும் செலவை ஒரு குப்பம் தாங்காது. கிராமத்துச் சிறு ஆர்.ஓ. நிலையம் இதைவிட எளியதுதான்; ஆனால் அது கழிக்கும் கடும் உவர் எங்கே விடப்படுகிறது? கொட்டகைக்குப் பின்னாலுள்ள பள்ளத்தில் என்றால், அது மணலில் இறங்கி அதே கிணற்றுக்கு வந்து சேரும். ஆண்டுக்காண்டு எந்திரம் பிழியவேண்டிய நீர் மேலும் உவரேறும். அலுமினாவைக் கழுவிய நீருக்கு நேர்ந்ததே இங்கும் நேர்கிறது.

இனி, மணல்மேட்டு ஊற்றின் காரணத்துக்கு வருவோம். மழைநீர் மணலில் இறங்கியதும், தன்னைவிடக் கனமான கடல்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல்நீரின் அடர்த்தி நன்னீரைவிட நாற்பதில் ஒரு பங்கு அதிகம். எனவே, கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய நாற்பது அடி நன்னீர் நிற்கும். படோன் கைபன் என்ற டச்சு ராணுவப் பொறியாளரும் ஹெர்ஸ்பெர்க் என்ற ஜெர்மானியரும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டித் தனித்தனியே கண்ட உண்மை இது. மணல் மேடு உயரமாக இருப்பதும், மழையை ஓடவிடாமல் உறிஞ்சுவதும், குடிசைப் பெண் குடம் குடமாக மொண்டு எடுத்ததும் எல்லாம் கணக்குக்குள் அடங்கியிருந்தன. மோட்டாரை வைத்து நீர்மட்டத்தை ஓரடி இறக்கினால், காலப்போக்கில் உப்புநீர் நாற்பது அடி மேலெழும் என்பதும் அதே கணக்குத்தான்.

2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை இக்கரையிலும் இலங்கையின் கிழக்குக் கரையிலும் ஆயிரக்கணக்கான கிணறுகளைக் கடல்நீரால் நிரப்பியபோது இது கண்கூடாயிற்று. மட்டக்களப்புப் பகுதியில் கிணறுகளைச் சுத்தம் செய்யும் நல்லெண்ணத்தோடு நிவாரணக் குழுக்கள் மோட்டார் வைத்துத் திரும்பத் திரும்ப இறைத்தன. மிகையாக இறைத்த இடங்களில் அடியிலிருந்த உப்புநீர் மேலேறிவிடும் என்று அங்கு ஆராய்ந்தோர் எச்சரித்தார்கள். பருவமழை பெய்து மணலைக் கழுவிய பிறகே கிணறுகள் மெல்ல மெல்லத் தேறின. எந்தப் பொருளாலும் பிடிக்க முடியாத உப்பை மழை தள்ளிக்கொண்டு போயிற்று.

செய்யூர் வட்டாரத்தில் 4,000 மெகாவாட் அனல்மின் திட்டம் வகுக்கப்பட்டு, நிலக்கரி இறக்கப் பனையூர்ப் பக்கம் துறைமுகம் அமையும் என்ற பேச்சு எழுந்தபோது, கரையோர மக்கள் மணல் மேடுகளைப் பற்றி எழுப்பிய ஆட்சேபத்தைச் சிலர் உணர்ச்சிவசப்பட்ட கூச்சல் என்று ஒதுக்கினார்கள். அத்திட்டம் செயலுக்கு வரவில்லை. ஆனால் மேடுகள் வேறு வகைகளில் சமன்படுத்தப்பட்டே வருகின்றன. கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுகிலும் மனைப்பிரிவுக்காக மணல் தட்டையாக்கப்படும் ஒவ்வோர் இடத்திலும், ஒரு நன்னீர்க் களஞ்சியம் உயரம் குறைகிறது. பாலாறு கடலில் கலக்கும் வாயலூர்ப் பக்கம் கட்டிய தடுப்பணை எதிர்த்திசையில் செய்த நல்ல காரியம். ஆற்று மணலில் நன்னீரை நிறுத்திக் கடலை வெளியே தள்ளுவதால், பல வடிகட்டிகள் செய்ய இயலாததை அது செய்கிறது. செய்யூர் ஏரிகளைத் தூர்வாரிக் கரை உயர்த்துவதும் அதே வகையைச் சேர்ந்ததே. உப்பு மிகுந்த இக்கரைக்கு ஏரியும் மணலும் முதல் மருந்து, சவ்வு இரண்டாவது, பொடியும் மணியும் கரியும், உப்பு நீங்கிய நீரில் வேறு நஞ்சு எஞ்சியிருந்தால் மட்டும்.

செய்யூர், மதுராந்தகம், திருக்கழுக்குன்றம் பகுதிகளில் கிணறோ போரோ வைத்திருப்பவர்களுக்கும், ஊராட்சிப் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எந்த எந்திரத்துக்கும் பணம் கட்டுமுன், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் உங்கள் நீரைக் கொடுத்து, கரைந்த மொத்த உப்பு, குளோரைடு, புளோரைடு, நைட்ரேட், கிருமி ஆகிய ஐந்தையும் சோதித்துச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கோடையில் மே மாதம் ஒரு முறையும், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த ஜனவரியில் ஒரு முறையும் எடுங்கள். இரண்டு சீட்டுகளிலும் குளோரைடு எவ்வளவு மாறுகிறது என்பதைக் கொண்டு, உங்கள் கிணற்றை மழை கழுவுகிறதா, கடல் நெருங்குகிறதா என்பதை நீங்களே கண்டுகொள்ளலாம். எந்திரம் விற்க வருபவரிடம் அந்தச் சீட்டைக் காட்டி, கழிவு நீரை எங்கே விடப்போகிறீர்கள் என்று கேளுங்கள். விடை எழுத்தில் வந்தபின் மட்டும் கையெழுத்திடுங்கள்.